டில்லியில் திரும்பிய கப்பல்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுடில்லி ரயில் நிலையத்தில் இறங்கினேன். தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டில்லி, ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்தது செங்கோட்டையைப் பார்க்க அல்ல. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் கடைசிக் காட்சியில் கப்பல் இடப்பக்கம் திரும்புகிறதா, வலப்பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். விடுப்பு கேட்டபோது எங்கள் மேலாளரும் சிரித்தார். "மேடம், சித்தி வீட்டுக் கல்யாணம்னு எழுதிக் குடுங்க. எனக்குக் கையெழுத்துப் போடவும் வசதியா இருக்கும்" என்றார்.

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சினிமாவைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடித்த வியாதி. நூறு பேர் படித்தால் அதிசயம் என்னும்படியான ஒரு சிற்றிதழில் அவ்வப்போது கட்டுரை எழுதுவேன். அப்படி எழுதிய ஒன்றுதான் என்னை டில்லிவரை இழுத்து வந்தது.

ரூபர்ட் ஹெய்ல்ஷா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலாந்திலேயே அதிகம் பேர் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் கேமரா முக்காலி சுமக்கும் பையனாகச் சேர்ந்தவர். உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்து அதிகாரியானார். கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றும் சின்னக் கப்பலொன்றில் வேலை. இவருக்குக் கேமரா தெரியும் என்று மேலதிகாரிகளுக்குத் தெரிந்ததும், புது மாலுமிகளுக்குப் பாடம் சொல்லும் படங்களை எடுக்க வைத்தார்கள். கயிற்றில் முடிச்சுப் போடுவது எப்படி, கப்பல் மூழ்கினால் குதிப்பது எப்படி என்று வரிசையாக எடுத்துத் தள்ளினார்.

போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு முழுநேர இயக்குநரானார். ஐந்தே படங்கள். ஐந்திலும் கடல். முதல் படம் நன்றாக ஓடியது, இரண்டாவது சுமாராக ஓடியது, மற்றவை படுத்துவிட்டன. காரணம் அவருடைய பிடிவாதம். கப்பல் ஒன்றும் சைக்கிள் இல்லை, அது திரும்ப நேரம் எடுக்கும், திரும்பி முடிக்கும்வரை காட்சியை வெட்டக்கூடாது என்பது அவர் கட்சி. தயாரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசிப் படமான 'வளைகுடாவில் ஒரு காலை'யில் சில காட்சிகளை எங்கள் ஊர்த் துறைமுகத்தில் எடுத்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அவர்மேல் பித்துப் பிடித்தது. அந்தப் படமும் தோற்ற பிறகு அவர் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குப் போய், கப்பல் வேலை பழகுகிற பிள்ளைகளுக்குக் கடல் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுத்தே மிச்சக் காலத்தைக் கழித்தார். சினிமாக்காரர்கள் அவரைக் கடற்படைக்காரர் என்று ஒதுக்கினார்கள். கடற்படைக்காரர்கள் சினிமாக்காரர் என்று கேலி செய்தார்கள். பாவம், இரண்டு வீட்டிலும் விருந்தாளி.

அந்தக் கடைசிப் படத்தை நான் பார்த்ததில்லை. எங்கோ கிடைத்த கதைச் சுருக்கத்தை வைத்து, 'இறுதியில் கப்பல் இடப்பக்கம் திரும்பி மீண்டும் கடலுக்குள் போகிறது' என்று கட்டுரையை முடித்திருந்தேன். இதழ் வந்த இரண்டாம் வாரம் டில்லியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு.

"யம்மா, நான் பொன்னுசாமி பேசுதேன். மயூர் விஹார். நமக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா கப்பல் வலப்பக்கம்லா திரும்பும்? நான் என் கண்ணால பாத்திருக்கேன்."

பொன்னுசாமி அண்ணாச்சிக்கு எண்பது வயது. இந்தியக் கடற்படையில் சுக்கான் பிடித்தவர். அங்கிருந்து ஓய்வு பெற்றபின் டில்லியில் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். கப்பலில் வேலை பார்த்தபோது, மாலை நேரத்தில் மேல்தளத்தில் போட்டுக்காட்டிய படங்களில் ஹெய்ல்ஷாவின் படமும் ஒன்று. அந்தக் கப்பலிலேயே இளம் அதிகாரியாக இருந்த ராகவன் என்பவர், பின்னால் கமாண்டராக உயர்ந்து, இப்போது அதே மயூர் விஹார் குடியிருப்பில் அண்ணாச்சிக்குக் கீழ்வீட்டில் வசிக்கிறார். கும்பகோணத்துக்காரர். ஒரே கப்பல், ஒரே மாலை, ஒரே படம். ஆனால் கமாண்டர் இடப்பக்கம் என்கிறார், அண்ணாச்சி வலப்பக்கம் என்கிறார். பல வருடச் சண்டை. என் கட்டுரை கமாண்டர் பக்கம் சாய்ந்துவிட்டதில் அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.

இது வெறும் விளையாட்டாக இருந்தால் நான் போனிலேயே சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அண்ணாச்சியின் மனைவி தவறி இரண்டு வருடமாகிறது. தனியாக இருக்கிறார். போன மழைக்காலத்தில் குக்கர் வெயிட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியிருக்கிறார். ஒருநாள் மெட்ரோவில் எதிர்த்திசை வண்டியில் ஏறி நொய்டா வரை போய்விட்டார். குருகிராமில் இருக்கும் மகள் மீனாவுக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போகத் தரகரிடம் பேசிவிட்டாள். அப்பாவோ அசையவில்லை. இந்த நேரத்தில், கோல் மார்க்கெட் பக்கம் இயங்கும் ஒரு சின்னத் திரைப்படச் சங்கத்தின் கையில் 'வளைகுடாவில் ஒரு காலை' படச்சுருள் கிடைத்தது. பிப்ரவரி மாதம், சனிக்கிழமை மாலை திரையிடல் என்று அறிவித்தார்கள். அண்ணாச்சி எல்லார் முன்னாலும் வாயை விட்டார்.

"கப்பல் இடப்பக்கம் திரும்பிச்சுன்னா எம் மூளை போச்சுன்னு நானே ஒத்துக்கிடுதேன். மறுநாளே குருகிராமுக்குப் பெட்டியைக் கட்டுதேன். சுக்கான் பிடிச்சவனுக்கு இடது வலது தெரியலன்னா அப்புறம் என்ன இருக்கு?"

இதைக் கேட்டபிறகு எப்படி வராமல் இருப்பது? கட்டுரையை எழுதி வம்பை வளர்த்தவளே நான்தானே.

நிலையத்தின் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ. ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி மயூர் விஹார். கட்டணம் முப்பத்திரண்டு ரூபாய். யமுனையைக் கடக்கும்போது வண்டி மேம்பாலத்தில் ஏறியது. ஆற்றின்மேல் மெல்லிய பனி. கரையோரம் கீரைப் பாத்திகள் பச்சைப் பசேலென்று கிடந்தன. என் பக்கத்து இருக்கைப் பெண் கண்ணாடியில் முகம் பார்த்து மை தீட்டிக்கொண்டிருந்தாள். வண்டி ஆடிய ஆட்டத்திலும் கோடு கோணவில்லை. டில்லியில் எனக்கு முதலில் பிடித்துப்போன ஆள் அவள்தான்.

மெட்ரோ வாசலில் பேட்டரி ரிக்‌ஷா. தலைக்கு இருபது ரூபாய். ஓட்டுநரிடம் என் இந்தியில் வழி சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "மதராஸி? அச்சா, அச்சா" என்று சொல்லி, வேறொன்றும் கேட்காமல் சரியான வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே இட்லி மாவுப் பாக்கெட் தொங்கும் கடை, முருங்கைக்காய் கட்டு வைத்த தள்ளுவண்டி, படிக்கட்டில் கோலம். என் இந்தியைவிட என் முகம் தெளிவாகப் பேசியிருக்கிறது.

அண்ணாச்சி மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு; அவர் படியில்தான் ஏறுவார். கதவைத் திறந்ததும் எனக்கு மூச்சே நின்றது. அவ்வளவு சுத்தம். செருப்புகள் ஒரே கோட்டில், போர்வைகள் செங்கல் மாதிரி மடித்து, தம்ளர்கள் கைப்பிடித் துணியின்மேல் கவிழ்த்து. மறதிக்காரர் வீடு இப்படி இருக்குமா என்று நினைத்தேன். மீனா முன்னாலேயே வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். டில்லியில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் தமிழ் பாதி, மற்றது பாதி.

"வாங்க ஆண்ட்டி. டிரெயின் லேட் இல்லையே? அப்பா காலைலேர்ந்து நாலு தடவை பால்கனி போய் பாத்தாச்சு. பைட்டியே, உக்காருங்க, நான் சாய் போடறேன்."

"சாயாவா? தூத்துக்குடியிலேர்ந்து வந்தவளுக்குக் காப்பி போடுளா" என்று உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

பால்கனியில் பிப்ரவரி வெயில் இதமாக விழுந்தது. எங்கள் ஊரில் வெயிலைக் கண்டால் ஓடுவோம். டில்லியில் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். கின்னு என்று சொல்லும் ஆரஞ்சு, கிலோ அறுபது ரூபாய், தட்டு நிறைய வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் கமாண்டர் ராகவன் கைத்தடியோடு மேலே வந்தார். உயரமான ஆள், கழுத்தில் பட்டுத்துணி. வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா அந்த இடப்பக்க ரைட்டர்? வெரி குட். உண்மையை எழுதினதுக்கு தேங்க்ஸ்."

"சார், அவங்க பாக்காம எழுதிட்டாங்க. அதச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"நான் பாத்தேனே. கடைசி சீன்ல வசனமே கிடையாது. கேப்டன் பின்னாலேர்ந்து வந்து சுக்கான்காரனோட தோளைத் தொடுவார். இடது தோள். கப்பல் இடப்பக்கம் திரும்பும்."

"வலது தோள். தொட்ட கை இடது கை. அந்தக் கேப்டனே இடது கைக்காரர்லா."

"இடது கைக்காரனா? நான்சென்ஸ்!"

இப்படி ஒரு தட்டு ஆரஞ்சு தீரும்வரை போனது. இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மீனா மட்டும் சிரிக்கவில்லை. சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்ட்டி, எனக்கு அப்பா ஜெயிக்கணும்னுதான் இருக்கு. ஸச்சி, நிஜமாத்தான். ஆனா இங்க தனியா விட்டா ராத்திரி படுத்தா நீந்த் வரமாட்டேங்குது எனக்கு. ஸண்டே தரகர் ஒரு ஃபேமிலியக் கூட்டிட்டு வர்றார், வீடு பாக்க. நாளைக்கு அப்பா தப்புன்னு ஆயிட்டா, அவரே கிளம்பிடுவார். அதுவும் வேண்டாம்னு தோணுது. என்ன பண்றது?"

அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் காப்பியைக் குடித்தேன்.

சனிக்கிழமை காலை கரோல் பாக் போனோம். சங்கத்து மண்டபத்தில் மோட்டாரில் சுருளும் திரை பாதியில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை என்று செய்தி வந்திருந்தது. "இதுக்கு எதுக்கு மோட்டாரு? துணி வாங்கிக் கட்டுனா தீந்துச்சு" என்று அண்ணாச்சி பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கமாண்டரும் கூட வந்தார்; இருவருக்குமே கடை வீதி என்றால் உயிர். கம்பளிச் சட்டைகளைத் தள்ளுபடியில் கூவி விற்கும் நேரம் அது. தெருவை அடைத்துக்கொண்டு ஸ்வெட்டர் குவியல்கள். நடுவில் கடலை வறுப்பவர். நூறு கிராம் முப்பது ரூபாய்.

துணிக்கடைக்காரர் கெட்டித் துணியை எடுத்து விரித்தார். அண்ணாச்சி தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மெல்லிய வெள்ளைப் பருத்தியாகத் தேடி எடுத்தார். மீட்டர் எண்பது ரூபாய்.

"பாய் சாப், ஜல்தி. ரெண்டு அகலத்தை ஒட்டித் தைக்கணும்" என்று பாதித் தமிழிலேயே சொன்னார். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"இது ரொம்ப சன்னமா இருக்கே பொன்னுசாமி?" என்றார் கமாண்டர்.

"கப்பல்ல இதுதான சார் கட்டுவோம்? காத்துக்குத் தாங்கணும்லா. கெட்டித் துணின்னா பாய்மரச் சீலை மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"மண்டபத்துக்குள்ள ஏதுய்யா காத்து?" என்று கமாண்டர் கேட்டபோது அண்ணாச்சி காசை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்தில் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். ஓரத்தில் கயிறு கோக்கும் துளைகளை அண்ணாச்சியே உட்கார்ந்து நூல் சுற்றித் தைத்தார். ஒரே அளவு, ஒரே இடைவெளி. தையல்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கரோல் பாக்கிலிருந்து கோல் மார்க்கெட்டுக்கு ஆட்டோ. மூன்று கிலோமீட்டர் தூரம் கூட இருக்காது; எண்பது ரூபாய் கேட்டார். கமாண்டர் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்து அறுபதுக்கு ஒத்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, பெண்கள் இருக்கும்போது மொழிபெயர்க்க முடியாது என்றுவிட்டார். பழைய அரசாங்கக் குடியிருப்புகள், வேப்பமரங்கள், மொட்டை மாடியில் பட்டம். மந்திர் மார்க் பக்கத்து இனிப்புக் கடையில் கேரட் அல்வா வாங்கி நின்றுகொண்டே தின்றோம். நெய் விரலில் வழிந்தது. இதைத் தின்றுவிட்டு யாராவது சோகமாக இருக்க முடியுமா என்று தோன்றியது.

மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்பது நாற்காலிகள். பாதிப் பேர் சங்கத்து உறுப்பினர்கள். மீதிப் பேர் மயூர் விஹாரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பந்தயத்தைக் கேள்விப்பட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள். துணியை மண்டபத்தின் குறுக்கே, சுவரிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். சுருக்கம் ஒன்று இல்லை. பழைய புரொஜெக்டர் ஒன்றுதான் இருந்தது. அதனால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். மொத்தம் மூன்று ரீல்.

படம் ஓடியது. ஐயா, என்ன படம் அது! விடியற்காலைக் கடல், புகை கக்கும் சின்னக் கப்பல், பெரிய கப்பல்கள் போகப் பாதை திறக்கக் கண்ணிவெடி தேடும் மனிதர்கள். போர்க்காலக் கதை என்பதால் கப்பலின் எண்ணைக்கூடச் சாயம் பூசி மறைத்திருந்தார் ஹெய்ல்ஷா. கப்பல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காட்சி அப்படியே நிற்கிறது. அடிவானம் மெல்ல நகர்கிறது. நம் வயிறும் கூடச் சாய்கிறது. தயாரிப்பாளர்களுக்கு அந்த மனிதரைத் திட்ட எப்படி மனம் வந்தது? திடீரென்று எங்கள் ஊர்த் துறைமுகம் வந்தது. உப்புக் குவியல், தோணிகள், தலைப்பாகை கட்டிய ஆட்கள். நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிவிட்டேன்.

என் பக்கத்தில் அண்ணாச்சி கைதட்டவில்லை. முதல் ரீலிலேயே நெளிய ஆரம்பித்திருந்தார். திரையில் கேப்டன் வலது கையால் புகைக்குழாயை எடுத்தார். அண்ணாச்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கேப்டனுக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பு. அண்ணாச்சி தன் வலது கன்னத்தைத் தடவினார். இரண்டாவது ரீல் முடிந்து விளக்கு எரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"எல்லாமே தப்பா இருக்கு" என்றார். "தழும்பு மாறிக் கெடக்கு. கை மாறிக் கெடக்கு. ஏணி அந்தப் பக்கம்லா இருந்துச்சு. ஒண்ணுகூட நான் நெனச்ச மாதிரி இல்ல." பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: "மீனா, உன் வீட்டுல எனக்கு எந்த ரூமு?"

மீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கமாண்டர் வென்றவர் போலவே இல்லை. கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"உக்காருய்யா. இன்னும் கப்பல் திரும்பவே இல்ல. அதுக்குள்ள என்ன?"

"இனி எதுக்கு சார் பாக்கணும்? போதும்" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

என் மனதில் ஏதோ உறுத்தியது. எங்கள் அலுவலகத்தில் பத்துச் சரக்குப் பெட்டகங்களின் விவரத்தில் ஒன்று தப்பாக இருந்தால் யாரோ தூங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பத்தும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் யாரும் தூங்கவில்லை, வேறெங்கோ கோளாறு. அண்ணாச்சி சொன்ன தப்புகளைப் பாருங்கள். தழும்பு இருக்கிறது, ஆனால் மறு கன்னத்தில். ஏணி இருக்கிறது, ஆனால் மறு பக்கத்தில். இல்லாத எதையும் அவர் சொல்லவில்லை. மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு ஏது?

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். அன்னைக்குக் கப்பல்ல இந்தப் படத்தை எங்க உக்காந்து பாத்திய?" என்று கேட்டேன்.

"எங்கன்னா? மேல்தளத்துலதான். எனக்கு வாட்ச் டூட்டி இருந்துச்சு. முடிச்சிட்டு வாரதுக்குள்ள பேரெல்லாம் போட்டுப் படம் ஆரம்பிச்சாச்சு. முன்னால ஆபீசர்மார் நாற்காலி, அதுக்குப் பின்னால சீனியர் ஆளுக. கால் வைக்க எடமில்ல. அதனால நாங்கள்லாம் எப்பவும்போல துணிக்கு அந்தப் பக்கம் போயித் தரையில படுத்துக்கிட்டுப் பாத்தோம்."

பக்கத்து வரிசைக்காரர்களும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கமாண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"துணிக்கு அந்தப் பக்கமா? அங்க யாராவது உக்காந்தீங்களா என்ன?"

"சார், பாதிக் கப்பல் அங்கனதான் இருந்துச்சு."

கமாண்டர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி துணியைப் பார்த்தார். துணிக்குப் பின்னால் நின்று பார்த்தால் படம் இடம் வலமாக மாறித்தானே தெரியும்! இத்தனை வருடம் கன்னம், கை, தோள், திசை என்று ஒவ்வொன்றாகச் சண்டை போட்டவர்கள், எங்கே உட்கார்ந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. அதிகாரிக்கு எல்லாருமே முன்னால்தான் இருந்தார்கள் என்ற நினைப்பு. மாலுமிக்கோ, பின்னால் படுத்துப் பார்ப்பது சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. அது தினசரி வழக்கம். மண்டபத்தில் முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரிப்பு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இந்தி மட்டும் தெரிந்தவர்களுக்கு யாரோ மொழிபெயர்க்க, அவர்கள் தாமதமாகச் சிரிக்க, மறுபடியும் நாங்கள் சிரிக்க, புரொஜெக்டர் ஓட்டும் சர்தார்ஜி ரீலைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தாத்தான் நம்புவேன்" என்று சொல்லித் துணிக்குப் பின்னால் போனார். மீனா இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். நானும் போனேன். கடைசி ரீல் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பத்தடி இடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். மெல்லிய துணி என்பதால் படம் பளிச்சென்று தெரிந்தது. கேப்டன் இடது கையால் புகைக்குழாயை எடுத்தார். வலது கன்னத்தில் தழும்பு. ஏணி அண்ணாச்சி சொன்ன இடத்தில். அவர் ஒவ்வொன்றையும் விரல் நீட்டி மகளுக்குக் காட்டினார். "அந்தா, அந்தா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. எங்கள் ஊர்த் துறைமுகம் மறுபடி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியாமல் விழித்தேன்.

கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. கமாண்டர் துணியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீனா நாற்காலியைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகி, மூட்டு இரண்டையும் சபித்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசிக் காட்சி. பாதை திறந்தாகிவிட்டது, கரை தெரிகிறது, எல்லாரும் வீடு திரும்பலாம். அப்போது தூரத்தில் இன்னொரு கண்ணிவெடி மிதப்பது தெரிகிறது. கேப்டன் பின்னாலிருந்து வந்து சுக்கான்காரனின் தோளைத் தொட்டார். வலது தோள். அடிவானம் நகர ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் கைகள் தாமாக எழுந்து, இல்லாத சுக்கானைப் பிடித்துத் திருப்பின. கப்பல் மெதுவாக, மிக மெதுவாக, முழுவதும் திரும்பி முடிக்கும்வரை திருப்பின.

"ஸ்டார்போர்டு" என்றார் கமாண்டர். "வலப்பக்கம்தான், பொன்னுசாமி. கரெக்டாத்தான் பாத்திருக்கே."

அண்ணாச்சி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை. கமாண்டர் எட்டு மணிக்கே மேலே வந்துவிட்டார். முன்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம்தானே, ஆகவே தானும் தோற்கவில்லை என்று அவர் வாதம். "நீங்க தோக்கல சார், நானும் தோக்கல. எழுதுனவங்களும் தப்பிச்சாங்க" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். என் கட்டுரைக்குத் திருத்தம் போட வேண்டியதில்லை என்ற நிம்மதியில் நான் நாலாவது தோசைக்கும் தட்டை நீட்டினேன்.

மதியம் எனக்கு ரயில். பெட்டியைக் கட்டிக்கொண்டே பால்கனியைப் பார்த்தேன். கீழே பூங்காவில் வெயில் தேடி நாற்காலிகள் நகர்ந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ஹெய்ல்ஷா கேமரா வைத்த இடமும் இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற டில்லியில், மூன்றாவது மாடியில் ஒருவரும் இரண்டாவது மாடியில் ஒருவருமாக அவருடைய ஒரு காட்சியை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போக மனசே வரவில்லை.

பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மீனா போய்க் கதவைத் திறந்தாள். தரகர், அவர் பின்னால் கணவன், மனைவி, ஒரு குழந்தை. மீனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சிக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் இந்தியில் பேசினாள். எனக்குப் புரிந்த மட்டில், வீடு காலியாகவில்லை, காலியாகப் போவதும் இல்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்றாள். அந்த மனைவி எட்டிப் பார்த்து, எவ்வளவு சுத்தமான வீடு என்று ஏக்கத்தோடு சொன்னாள். மீனா கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கதவில் கை வைத்தபடியே நின்றாள்.

"ஏளா, யாரு அது?" என்று அடுப்படியிலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

"யாருமில்லப்பா" என்றாள் மீனா. "வீடு மாறி வந்துட்டாங்க."